சுவரில் ஒட்டிய படமும் சார்ட்டில் போட்ட டிக்கும்

கேள்வி: ஒழுங்குமுறை, சட்ட இணக்கம், நிறுவன ஆளுகை பற்றி ஆராயும் பேராசிரியர்களில் உங்கள் அன்றாட வேலையை உண்மையிலேயே மாற்றியவர் யாராவது உண்டா?

உண்டு. ஜான் பிரெய்த்வெய்ட். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் ஆராய்ச்சி செய்தவர். மருந்துக் கம்பெனிகளின் குற்றங்கள், நிலக்கரிச் சுரங்கப் பாதுகாப்பு என்று பலவற்றை ஆராய்ந்திருக்கிறார். என்னைத் தொட்டது அவரும் வலரி பிரெய்த்வெய்ட், டோனி மக்காய் ஆகியோரும் முதியோர் இல்லங்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி.

நான் மெல்போர்னில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். 2014-ல் கேர் வொர்க்கராகச் சேர்ந்தேன். இப்போது வேறோர் இல்லத்தில் தரக் கண்காணிப்பு என் பொறுப்பு. முதலில் இருந்த இடத்தில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். புரட்டியதும் அறையில் இருக்கும் சார்ட்டில் நேரத்துக்கு நேராக டிக் போட வேண்டும். ஆள் போதாத அந்த இல்லத்தில், ஷிப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது உட்கார்ந்து எல்லாக் கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்புவோம். நானும் நிரப்பினேன். ஒரு நாள் ஒரு தாத்தாவின் குதிகாலில் புண்ணைப் பார்த்தேன். ஒரு நாளில் வந்த புண் இல்லை அது. சார்ட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அடுத்த மாதம் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தச் சார்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்கள். தாத்தாவின் அறைக்குள் யாரும் போகவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

அப்புறம் 2017-ல் ஒரு டிப்ளோமா படிக்கும்போது பிரெய்த்வெய்ட் எழுதிய ஒரு கட்டுரை கைக்கு வந்தது. அதில் சிகாகோவில் அவர்கள் கண்ட ஒரு காட்சி. பல முதியோர் இல்லங்களில் பத்திரிகைகளில் இருந்து கிழித்த படங்களை அறைச் சுவர்களில் ஒட்டியிருக்கிறார்கள். ஏன் என்று விசாரித்தால், அறை வீடு மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகச் சுவரில் இத்தனை படம் இருக்க வேண்டும் என்று விதி. விதி போட்டவர் நினைத்தது பேரப் பிள்ளைகளின் படத்தையும் கல்யாணப் படத்தையும். இல்லம் நடத்துபவர் கணக்குப் பார்த்தது செலவை. படங்களை எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

படித்ததும் எனக்கு எங்கள் சார்ட்தான் கண்முன் வந்தது. இதை அவர் சடங்குத்தனம் என்று சொல்கிறார். நோக்கத்தை மறந்துவிட்டு வழிமுறையை மட்டும் பிடித்துக்கொள்வது. நம் ஊரில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது, ஒப்புக்குச் செய்வது.

அந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி விதிகளின் எண்ணிக்கை பற்றியது. 1987-ல் ஆஸ்திரேலியா முதியோர் இல்லங்களுக்கு வெறும் 31 தரங்களை வைத்தது. 'வசிப்பவரின் அந்தரங்கம் மதிக்கப்படுகிறதா' என்பது போன்ற பொதுவான வாசகங்கள். அமெரிக்காவில் மத்திய அரசின் விதிகள் மட்டுமே 500-க்கு மேல், ஒவ்வொன்றும் நுணுக்கமானது. இரண்டு ஆய்வாளர்களைத் தனித்தனியே அனுப்பினால் எங்கே ஒரே முடிவு கிடைக்கும்? நுணுக்கமான விதி இருக்கும் இடத்தில்தான் என்று நான் அடித்துச் சொல்லியிருப்பேன். கண்டது நேர்மாறு. 31 தரங்களில் ஆய்வாளர்கள் பெருமளவு ஒத்துப்போனார்கள். காரணம் யோசித்தால் எளிது. 500 விதிகளை எந்த மனிதராலும் மனதில் வைத்துக்கொண்டு சுற்ற முடியாது. கண்ணில் பட்டதை, பழகியதைப் பார்ப்பார், மற்றது விட்டுப்போகும். 31 என்றால் எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும். வசிப்பவர்களிடம் உட்கார்ந்து பேசினால் ஒழிய 'அந்தரங்கம் மதிக்கப்படுகிறதா' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

இன்னொன்று, ஆய்வாளர் பேசும் விதம். இல்ல நிர்வாகிகள் 410 பேரிடம் பேட்டி எடுத்து, மாட்டிக்கொள்வோம், தண்டனை வரும் என்ற பயம் அவர்களை எவ்வளவு நகர்த்துகிறது என்று பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. தவறைத் தவறு என்று முகத்துக்கு நேரே சொல்லி, ஆளை அவமதிக்காமல், திருத்திக்கொண்டதும் பாராட்டிய ஆய்வாளர்கள் பார்த்த இல்லங்கள் அடுத்த சுற்றில் முன்னேறின. திட்டித் தீர்த்தவர்களின் இல்லங்கள் பின்னால் போயின. 'பரவாயில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டவர்களின் இல்லங்களும் சரிந்தன. கண்டிப்பும் மரியாதையும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. என் முதல் நர்ஸ் மேலாளர் அப்படிப்பட்டவர். அவர் ஷிப்டில் யாரும் பொய் டிக் போட்டதில்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் பிரெய்த்வெய்ட் தண்டனையே வேண்டாம் என்கிறார் என்று எழுதுகிறார்கள். அது தவறு. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸுடன் 1992-ல் அவர் முன்வைத்தது ஒரு பிரமிடு. அடியில் பேச்சும் அறிவுரையும், மேலே எச்சரிக்கை, அபராதம், வழக்கு, உச்சியில் உரிமம் ரத்து. உச்சி உண்மையாக இருந்தால்தான் அடியில் நடக்கும் பேச்சுக்கு மதிப்பு.

ஒப்புக்குச் செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம்: அடிலெய்டில் ஓக்டன் என்று ஓர் இடம் இருந்தது. அரசே நடத்திய, மனநலச் சிக்கல் உள்ள முதியோருக்கான இல்லம். 2016 தணிக்கையில், அப்போது பார்க்கப்பட்ட 44 அம்சங்களிலும் தேறியது. அடுத்த ஆண்டே, உள்ளே நடந்த கொடுமைகள் குடும்பங்களின் புகாரால் வெளிவந்து மூடப்பட்டது. அந்தக் காலத்தில் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத் தணிக்கையாளர்கள் வரும் நாள் இல்லங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்த வாரத்தில் மட்டும் ஆட்கள் கூடுவதையும் மேசைக்கு மேசை பூ வருவதையும் நானே பார்த்திருக்கிறேன். 2018 ஜூலையில்தான் சொல்லாமல் வரும் முறை வந்தது. அதே ஆண்டு முதியோர் பராமரிப்பை விசாரிக்க ராயல் கமிஷன் என்ற உயர்மட்ட விசாரணைக் குழுவை அமைத்தார்கள். 2019-ல் வந்த இடைக்கால அறிக்கையின் தலைப்பு ஒரே சொல்தான்: புறக்கணிப்பு. 2021-ல் இறுதி அறிக்கை 148 பரிந்துரைகளோடு வந்தது.

நிறுவன ஆளுகை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2023 டிசம்பரில் இருந்து, முதியோர் இல்லங்களை நடத்தும் நிறுவனங்களில் சிறியவற்றைத் தவிர மற்றவற்றின் இயக்குநர் குழுவில் பெரும்பான்மையினர் அந்த நிறுவனத்தில் வேலை பார்க்காத சுயேச்சையானவர்களாக இருக்க வேண்டும், மருத்துவப் பராமரிப்பில் அனுபவம் உள்ள ஒருவராவது வேண்டும். நல்லதுதான். ஆனால் என் கண்ணுக்குப் பெரிய மாற்றம் வேறு. வசிப்பவர்களும் குடும்பத்தினரும் சேர்ந்து ஓர் ஆலோசனைக் குழு அமைக்கலாம், அது சொல்வதை எப்படிப் பரிசீலித்தோம் என்று இயக்குநர் குழு எழுத்தில் பதில் தர வேண்டும். முன்பெல்லாம் எங்கள் இயக்குநர் குழுவுக்கு நான் அனுப்பியது சார்ட்டுகள் எத்தனை சதவீதம் நிரம்பின என்ற ஒரு பக்கம். இப்போது அதோடு, வசிப்பவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி இன்னொரு பக்கமும் அனுப்புகிறேன்.

அந்தப் பக்கத்துக்காகத்தான் ஒருமுறை டீச்சரிடம் போய் உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், எங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் டீச்சர்தான். காலை 6:30 மணிக் குளியல் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பல நாட்களில் 'மறுத்தார்' என்று குறித்திருந்தது. மறுத்தார் என்று குறித்துவிட்டால் காகிதத்தில் எங்கள் வேலை முடிந்துவிடும். ஏன் வேண்டாம் என்கிறீர்கள் டீச்சர் என்று கேட்டேன்.

"விடியக்காத்தாலை குளிருக்கை ஏன் பிள்ளை? பின்னேரம் சுடுதண்ணியிலை குளிப்பாட்டி விடுங்கோ."

இப்போது அவர் மாலை 4 மணிக்குக் குளிக்கிறார். சார்ட்டைப் பின்னோக்கிப் புரட்டி எண்ணிப் பார்த்தேன், நாங்கள் 11 முறை 'மறுத்தார்' என்று எழுதியிருந்தோம்.