செங்குத்துக்கோட்டை நோக்கி விலகுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

மண்டபம் அருகே ஒரு பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஒளிவிலகல் பாடத்தில், காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி 'செங்குத்துக்கோட்டை நோக்கி விலகுகிறது' என்று (செங்குத்துக்கோடு என்பது ஒளி படும் இடத்தில் நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாக வரையும் கோடு) கரும்பலகையில் எழுதியபோது, ஒரு மாணவி எழுந்து, "நோக்கிப் போனால் நெருங்குவதுதானே டீச்சர், விலகுவது எப்படி?" என்று கேட்டாள். இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் ஒரு மாணவன், இலங்கையில் படித்த தன் மாமா இதை 'முறிவு' என்றே சொல்வார் என்றான். 'நீர் ஒளியை விலக்குகிறது' என்று எழுதிய விடைக்கு மதிப்பெண் தரலாமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவியின் கேள்வி நியாயமானது. 'விலகு' என்னும் வினை, எதைவிட்டு விலகுகிறது என்பது தெரியாமல் பொருள் நிறையாது. பாடநூல் வாக்கியத்தில் அது விடுபட்டுப்போய், செங்குத்துக்கோடு மட்டும் எஞ்சி நிற்பதால், அதைவிட்டே ஒளி விலகுவதுபோலக் காதில் விழுகிறது. உண்மையில், நீர் குறுக்கிடாதிருந்தால் எந்த நேர்கோட்டில் சென்றிருக்குமோ, அந்தக் கோட்டிலிருந்துதான் ஒளி விலகுகிறது. 'ஒளி தன் பழைய பாதையிலிருந்து விலகிச் செங்குத்துக்கோட்டின் பக்கம் சாய்கிறது' என்று எழுதிப் பாருங்கள், முரண் இருக்காது. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி 'செங்குத்துக்கோட்டை விட்டு விலகுகிறது' என்னும்போது வாக்கியம் இயல்பாக ஒலிப்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆயினும் அங்கும் அளவிடப்படுவது பழைய பாதையிலிருந்து ஏற்படும் விலக்கமே.

'விலக்குகிறது' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் இந்த வினை (refract) செயப்படுபொருள் கொள்வது. நீரோ கண்ணாடியோ எழுவாயாக நின்று ஒளியின்மேல் அதைச் செய்யும். தமிழில் விலகு என்பதன் பிறவினையாகிய 'விலக்கு', மதுவிலக்கிலும் சாதிவிலக்கிலும் தடுத்தல், ஒதுக்குதல் என்ற பொருளில் வேரூன்றிவிட்டது. நீர் ஒளியை விலக்குகிறது என்றால், உள்ளே விடாமல் தள்ளுகிறது என்றே படிப்பவர் கொள்வார். நடப்பதோ அதற்கு நேர்மாறு. 'விலகச் செய்கிறது' என்பது சற்று நீளமானாலும் பிழையற்றது.

முகாம் மாணவனின் மாமா சொன்னது கொச்சையன்று. இலங்கைப் பாடநூல்களில் ஒளி முறிவு, முறிவுச்சுட்டி (நாம் விலகல் எண் என்பது) என்பவையே கலைச்சொற்கள். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு உடைத்தல், முறித்தல் என்று பொருள் என்பதால், மூலத்துக்கு மிக அருகில் நிற்பதும் அச்சொல்தான். (ஆங்கிலத்தில் பின்னத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வேரினது. சிதைந்த சிலையைப் 'பின்னமானது' என்று நாமும் சொல்கிறோம்.) தெளிந்த நீரில் சாய்த்து ஊன்றிய கழி நீர்மட்டத்தில் ஒடிந்ததுபோலத் தெரியும். அந்தக் கூர்மையான திருப்பத்தை 'முறிவு' காட்டுகிறது, 'விலகல்' காட்டுவதில்லை. ஆனால் மாற்றம் படிப்படியாக நிகழும் இடங்களில் 'முறிவு' பொருந்தாது. தனுஷ்கோடிச் சாலையில் நண்பகலில் தெரியும் கானல்நீர், தரையை ஒட்டிய சூடான காற்றில் ஒளி சிறிது சிறிதாக வளைவதால் தோன்றுவது. மன்னார் வளைகுடாப் பக்கம், இங்குள்ளோர் ஆண்கடல் என்னும் பக்கத்தில், கரைக்குச் சாய்வாக வரும் அலையைக் கவனித்திருப்பீர்கள். ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைவதால், கரைக்கு அருகிலுள்ள அதன் முனை பின்தங்க, ஆழத்திலுள்ள முனை முன்னேற, அலைமுகடு கரைக்கு ஏறத்தாழ இணையாகத் திரும்பிவிடுகிறது. இயற்பியலில் இதற்கும் ஒளிவிலகலுக்கும் ஒரே பெயர்தான். இதை அலை முறிவு என்றால், கரையில் அலை உடைந்து நுரைப்பதையே கடலோரத்துப் பிள்ளை நினைப்பான்.

இரண்டு சொற்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் விளைவைச் சொல்கின்றனவே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. காரணம் வேக மாற்றம். நீரின் விலகல் எண் 1.33 என்பதன் பொருள், நீருக்குள் ஒளியின் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்கு என்பதே. நீர்ப்பரப்பில் செங்குத்தாக விழும் கதிர் விலகுவதுமில்லை, முறிவதுமில்லை. ஆனால் அதன் வேகம் அப்போதும் குறைகிறது. வத்தை என்னும் சிறு படகில் அமர்ந்து நேர்கீழே பார்ப்பவருக்கும் நான்கடி ஆழம் மூன்றடியாகவே தெரியும். ஏனெனில் கண்ணை அடையும் ஒளிக்கற்றையில் அந்த ஒற்றைக் கதிரைத் தவிர மற்றவை யாவும் சிறிதளவேனும் சாய்வானவை. வகுப்பில் வேகத்தை முதலில் சொல்லிவிட்டு வினைச்சொல்லுக்கு வருமாறு வேண்டுகிறேன்.

விடைத்தாளைப் பொறுத்தவரை, படம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் தந்து, 'விலக்குகிறது' என்பதை மட்டும் திருத்திக் கொடுங்கள். முகாம் மாணவன் வகுப்பில் 'முறிவு' என்று சொல்லட்டும். பொதுத்தேர்வில் வினாத்தாளின் சொல்லாகிய 'விலகல்' என்பதை எழுதுவது அவனுக்கு நல்லது.

அன்புடன்.