காசு கொடுத்தவருக்கே படம் சொந்தமா?

கேள்வி

ஐயா, நான் ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். கலியாண வீடு, சடங்கு வீடு என்று படம் எடுப்பதுதான் பிழைப்பு. போன டிசம்பரில், நுவரெலியா பக்கம் பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறவர்கள் கூப்பிட்டு, தங்கள் விளம்பரத்துக்கு இரண்டு நாள் படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எவ்வளவு என்று கேட்டதற்கு, "வேலையைப் பார்த்துச் செய்வோம்" என்றார் மேனேஜர். கொழுந்து பறிப்பது போல நிற்க ஒரு பிள்ளை வேண்டும் என்றதால், டவுனில் துணிக்கடையில் வேலை செய்யும் என் சித்தி மகளை (வயது 19) அழைத்துப் போனேன். முடிவில் எனக்கு 20,000 ரூபா, தங்கச்சிக்கு 3,000 ரூபா கிடைத்தது. இப்போது அதே படம் ஒரு தேயிலைப் பெட்டியில் வந்திருக்கிறது. ஹோட்டலில் கேட்டால், "காசு கொடுத்தாச்சு, படம் எங்களுடையது" என்கிறார்கள். இது சரியா? எங்கள் வேலைக்கு அரசாங்கம் வைத்த சம்பள வீதம் இருக்கிறதா? இல்லாவிட்டால் இங்கே படம் எடுக்கிற பன்னிரண்டு பேர் சேர்ந்து, இதற்குக் கீழே யாரும் போகக் கூடாது என்று ஒரு விலைப் பட்டியல் போடலாமா?

பதில்

தம்பி, சம்பள வீதம் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் பதில் சின்னது: இல்லை. தேயிலைத் தொழிலுக்குச் சம்பளச் சபை இருக்கிறது. அது தீர்மானிக்கும் நாள் சம்பளம் வர்த்தமானியில் வரும். படம் எடுப்பவருக்கோ கமரா முன்னால் நிற்பவருக்கோ அப்படி ஒன்று கிடையாது. தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் ஆனது. ஆனால் அது ஒரு தொழில் தருநரின் கீழ் வேலை செய்பவருக்கு. நீங்கள் உங்கள் கமராவோடு போய், ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறவர். சட்டத்தின் கண்ணில் சுயாதீன ஒப்பந்தக்காரர்.

இதில் ஒரு விலக்கைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் பன்னிரண்டு பேரில் யாருக்காவது உதவலாம். மாதம் முழுக்க ஒரே ஹோட்டலுக்கு, அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் கமராவில், அவர்கள் சொல்கிறபடி படம் எடுக்கிறவரை "ஃப்ரீலான்ஸ்" என்று தாளில் எழுதிவிட்டால் அவர் ஃப்ரீலான்ஸ் ஆகிவிட மாட்டார். தாளில் இருக்கிற பெயரைவிட உண்மையில் நடப்பதைத்தான் நீதிமன்றமும் தொழில் திணைக்களமும் பார்க்கும். ஊழியர் என்று தீர்ந்தால் தொழில் தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமுமாகச் சேமலாப நிதி, அதோடு நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநரின் 3 வீதம், எல்லாம் கட்ட வேண்டும். உங்கள் இரண்டு நாள் வேலை இதில் வராது.

சரி, விலை பேசவில்லை. அதனால் அவர்கள் கொடுத்ததுதான் விலையா? அப்படி இல்லை. கூலி பேசாமல் ஒருவரிடம் தொழில்முறை வேலையை வாங்கினால், நியாயமான ஊதியம் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுப் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில் உள்ளதுதான். "பார்த்துச் செய்வோம்" என்றால் நியாயமாகச் செய்ய வேண்டும் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எது நியாயம் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்: இதே மாதிரி வேலைக்கு நீங்கள் முன்பு கொடுத்த பில், மற்றவர்கள் கொடுக்கும் கொட்டேஷன், எத்தனை படம், எடிட் பண்ண எத்தனை நாள். மேனேஜரோடு பேசிய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியல் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. செய்தி என்பதற்காக மட்டும் யாரும் அதைத் தள்ளிவிட முடியாது.

காசு வாங்கும்போது ஏதாவது வவுச்சரில் கையெழுத்துப் போட்டீர்களா? அதில் என்ன எழுதியிருந்தது? "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் மிச்சக் கூலி கேட்பது கஷ்டம். அப்புறம், காலம். வழக்குப் போடும் கால எல்லையைச் சொல்வது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப் பேச்சுக்கு 3 வருடம், ஆனால் செய்த வேலைக்கான கூலிக்கு ஒரே ஒரு வருடம். உங்கள் விஷயம் எதில் விழும் என்று சட்டத்தரணிகள் வாதாடலாம். நீங்கள் ஒரு வருடம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முகம் பார்த்துக் கேட்கத் தயங்கியே இந்த ஒரு வருடத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

கூலியைவிடப் பெரிய விஷயம் அந்தத் தேயிலைப் பெட்டி. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, புகைப்படம் ஒரு படைப்பு. அதைப் படைத்தவரே அதன் முதல் உரிமையாளர். ஊழியர் ஒருவர் தன் வேலையின் பகுதியாக எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது தொழில் தருநருடையது. நீங்கள் ஊழியர் இல்லை என்று மேலே பார்த்தோம். ஆக, உங்களை ஒப்பந்தக்காரராக வைத்துச் சேமலாப நிதியை மிச்சம் பிடித்தவர்கள், உரிமை விஷயத்தில் மட்டும் உங்களை ஊழியர் மாதிரி நடத்த முடியாது. உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட எழுத்து வேண்டும். "காசு கொடுத்தாச்சு" என்பது எழுத்து ஆகாது. திருவிழாவுக்கு வேன் வாடகைக்கு எடுத்தவர், வாடகை கொடுத்தேன் என்று வேனை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக முடியுமா?

அதேசமயம் ஹோட்டல் தன் முகநூலிலும் தன் கையேட்டிலும் அந்தப் படத்தைப் போடுவதை இப்போது எதிர்த்தால் எடுபடாது. அதற்காகத்தானே கூப்பிட்டார்கள், நீங்களும் போனீர்கள். தேயிலைப் பெட்டி வேறு. அது வேறு பொருள், ஒருவேளை வேறு கம்பெனி. அதற்கு நீங்கள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. பெயர் போடச் சொல்லும் உரிமையும், படத்தைச் சிதைத்துப் போட்டால் எதிர்க்கும் உரிமையும் இதற்கு மேல் தனியாக உங்களுக்கு உண்டு. இந்த உரிமைகள் உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 70 வருடமும் ஓடும். 20,000 ரூபாவுக்கு அவர்கள் வாங்கியதாகச் சொல்வது இவ்வளவு பெரிய சாமான்.

இனி விலையை எப்படிப் போடுவது என்பதற்கு வருகிறேன். எடுக்கிற கூலி ஒன்று, பயன்படுத்துகிற கட்டணம் ஒன்று என்று இரண்டாகப் பிரியுங்கள். எடுக்கிற கூலியில் உங்கள் செலவு முழுவதும் ஏற வேண்டும். உதாரணத்துக்கு: 6 இலட்சத்துக்கு வாங்கிய கமராவும் லென்சும் 4 வருடம் தாங்கும், வருடத்துக்கு 100 வேலை என்றால், ஒவ்வொரு வேலைக்கும் 1,500 ரூபா கமராவுக்கே போகிறது. ஒரு நாள் எடுத்ததை எடிட் பண்ண ஒன்றரை நாள் போகும் என்றால், அது இரண்டரை நாள் வேலை. பஸ்ஸோ திரீவீலரோ, உதவிக்கு வரும் பையன் சம்பளம். அதோடு மழை! மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கம் விடாது. வருடக் கடைசியில் பதுளைப் பக்கத்துக்கு அந்த முறை. மலையில் வேலை செய்கிறவர் "மழையால் நின்றுபோன நாளுக்குப் பாதிக் கூலி" என்று எழுதாமல் வேலைக்குப் போகவே கூடாது. முற்பணமும் பாதி வாங்குங்கள். மிச்சம் வந்த பிறகு பெரிய ஃபைல்களைக் கொடுங்கள்.

பயன்படுத்துகிற கட்டணத்துக்குச் சூத்திரம் கிடையாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. எதில் வரும்: இணையத்திலா, பதாகையிலா, பொருளின் பெட்டியிலா? எத்தனை வருடம்? உள்ளூரிலா, ஏற்றுமதிக்கா? இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? பதில் நீள நீள விலை ஏற வேண்டும். "எல்லா உரிமையும், எக்காலமும்" என்று யாராவது தாளை நீட்டினால் கோபப்பட வேண்டாம், அதற்கான விலையைச் சொல்லுங்கள். அநேகமாக ஒரு வருட இணைய உரிமை போதும் என்று இறங்கி வருவார்கள்.

உங்கள் தங்கச்சியின் நிலைமை வேறு, உங்களைவிட அவர் பலவீனமான இடத்தில் இருக்கிறார். படத்தின் பதிப்புரிமை அவருக்குக் கிடையாது. முகம் அவருடையதுதான், ஆனால் அந்த முகத்துக்கு விலை வைக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. சம்மதமில்லாமல் ஒருவருடைய படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தி அவர் கௌரவத்தைப் பாதித்தால், பொதுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். அதிலும் "விருப்பப்பட்டுத்தானே வந்து நின்றார்" என்று எதிர்த் தரப்பு சொல்லும். ஹோட்டலுக்காக நின்றார், பெட்டிக்காக நிற்கவில்லை என்பதே நம் வாதம். அதனால் கமரா முன் நிற்பவருக்கு, நிற்பதற்கு முன் கையெழுத்தாகும் சம்மதத் தாள்தான் எல்லாம். எந்தப் பொருளுக்கு, எந்த ஊடகத்தில், எவ்வளவு காலம் என்று அதில் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முகத்தையோ உடையையோ மாற்றக் கூடாது என்ற வரியையும் இப்போது சேர்த்தே ஆக வேண்டும். உடை மாற்ற மறைவான இடம், சாப்பாடு, வாகனம், கூட ஒருவர் வரலாம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 16க்குக் கீழ் என்றால் வேலைக்கு வைப்பதே தடை.

அந்த 3,000 ரூபா எப்படி வந்தது தெரியுமா? 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்ட நாள் சம்பளம் 1,350. இரண்டு நாளைக்கு 2,700. அதோடு ஒரு 300ஐக் கூட்டிக் கொடுத்துவிட்டு, தாராளமாகச் செய்ததாக மேனேஜர் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். கூடை மாட்டி நின்றதால் கொழுந்துக் கணக்கு! அவர் பறித்தது ஒரு கிலோகூட இருக்காது. கம்பெனி விற்பது அவருடைய முகத்தை. சாமானை விற்க உதவும் படத்துக்குச் சாமான் விற்பனையை ஒட்டித்தான் கூலி பேச வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்று தெளிவில்லை. அந்த 3,000 ஹோட்டல் கையால் போனதா, உங்கள் கையாலா? உங்கள் கையால் என்றால், அவரை வேலைக்குப் பிடித்தவர் நீங்கள் என்று ஹோட்டல் கைகழுவப் பார்க்கும். அந்தப் படத்தை உங்கள் ஸ்டூடியோவின் முகநூலில் போட்டிருக்கிறீர்களா? அதற்கும் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சொந்தக்காரப் பிள்ளைதானே என்பது சட்டத்தில் ஒரு காரணமே இல்லை.

பன்னிரண்டு பேர் விலைப் பட்டியல் போடுவதில் கவனமாக இருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில், சேவை வழங்குவதில் போட்டியைத் தடுக்கிற, திரிக்கிற நடத்தையை விசாரிக்க இடம் இருக்கிறது. "இந்த விலைக்குக் கீழே போனவனை ஒதுக்கி வைப்போம்" என்று வட்ஸ்அப் குரூப்பில் எழுதினால், எதிர்த் தரப்புக்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. தொழிற்சங்கமாகப் பதிய 7 பேர் போதும். ஆனால் ஸ்டூடியோ முதலாளியும் அவரிடம் வேலை செய்பவரும் ஒரே சங்கத்தில் இருந்தால், அது தொழிற்சங்கமா வியாபாரிகள் சங்கமா என்று கேள்வி வரும். அதற்குப் பதில், செலவுக் கணக்கு போடுவது எப்படி என்று ஒரு தாள், மாதிரி ஒப்பந்தம் ஒன்று, மாதிரிச் சம்மதத் தாள் ஒன்று, தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து எல்லோரும் பயன்படுத்துங்கள். விலையை அவரவர் போடட்டும். என் அனுபவத்தில், ஒரே மாதிரி ஒப்பந்தத் தாள் பத்துப் பேரிடமும் இருந்தாலே "பார்த்துச் செய்வோம்" என்கிற பேச்சு பாதி குறையும்.

இப்போது செய்ய வேண்டியது. அந்தத் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கடையில் பில்லோடு வாங்குங்கள். பில்லில் தேதி இருக்கும். கமராவில் எடுத்த மூல ஃபைல்களை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்; எடுத்தவர் நீங்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிறகு சட்டத்தரணி ஒருவர் மூலம் ஹோட்டலுக்கும் தேயிலைக் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். அச்சடித்த பெட்டிகள் கம்பெனியின் களஞ்சியத்தில் கிடக்கும், தடை உத்தரவு வந்தால் நட்டம் அவர்களுக்கு. ஆகவே பேசித் தீர்க்கும் அவசரம் ஹோட்டலைவிட அவர்களுக்குத்தான் இருக்கும். பதிப்புரிமை வழக்கு என்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும். உங்களுக்கு அது செலவு, அவர்களுக்கும்தான். மிச்சக் கூலி மட்டும் என்றால், தொகை 5 இலட்சத்துக்குள் இருப்பதால் முதலில் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கே போக வேண்டும். அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமில்லை, நீங்களே பேச வேண்டும், பில்லையும் செய்திகளையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

கோரிக்கைக் கடிதத்தில் தொகை போடும்போது தங்கச்சிக்குரியதை உங்கள் தொகைக்குள் சேர்த்துவிட வேண்டாம். அவருக்குத் தனிக் கடிதம், தனித் தொகை. சமாதானம் ஆனால் அந்தக் காசோலையும் அவர் பெயரிலேயே வர வேண்டும்.