சேபன் நாற்காலியில் யார்? அலபாமா ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜனவரி 10, 2024 புதன்கிழமை மாலை தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் தன் வீரர்களைக் கூட்டி, ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லிவிட்டார். 17 பருவங்களில் அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 6 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். நேற்று இரவு முதல் வந்து குவிந்த கேள்விகளில் என்னால் உறுதியாகப் பேச முடிந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று வியாழக்கிழமை, இதை எழுதும்போது அவர் இடத்துக்கு இன்னும் யார் பெயரும் அறிவிக்கப்படவில்லை.

அண்ணா, நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவன். ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் போனதற்கா இவ்வளவு கலக்கம்?

தொழில்முறைக் கால்பந்தின் உச்சமான NFL லீகில் ஆடும் அணி அலபாமா மாநிலத்தில் ஒன்றுகூடக் கிடையாது தம்பி. சனிக்கிழமை என்றால் டஸ்கலூசாவின் பிரையன்ட்-டென்னி மைதானம்தான். 1 லட்சம் பேர் உட்காருகிறார்கள். அணியில் யார் சேர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பையன்களின் பெற்றோரிடம் பேசுவதும் தலைமைப் பயிற்சியாளர்தான். இந்த 2024-இன் விதிப்படி, அவர் விலகினால் வீரர்களுக்கு வேறு கல்லூரிக்கு மாற 30 நாள் கதவு திறந்துவிடும். நாளை ஆகட்டும் என்று இருந்தால் அணி கரைந்துபோகும். விளையாட்டுத் துறை இயக்குநர் கிரெக் பர்ன் வீரர்களிடம் 72 மணி நேரம் அவகாசம் கேட்டது அதனால்தான்.

ஓரிகன் பயிற்சியாளர் டான் லானிங்தான் என் தேர்வு. வயது 37, சேபனிடம் பாடம் படித்தவர். உங்களுக்கு ஏன் தயக்கம்?

அவரே இன்று காணொளி வெளியிட்டு, ஓரிகனைவிட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வந்திருந்தாலும் அவர் என் முதல் தேர்வு இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

கடந்த அக்டோபரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டம். ஓரிகன் 33-29 என்று முன்னிலை. இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரமே மிச்சம். மைதானத்தின் நடுவில், நான்காவது, அதாவது கடைசி முயற்சி; பந்தைத் தக்கவைக்க மூன்று கெஜம் தேவை. பந்தை உதைத்து எதிரணியைத் தொலைவில் தள்ளியிருக்கலாம். லானிங் துணிந்து ஆடச் சொன்னார், பந்து கைசேரவில்லை. அடுத்த இரண்டே ஆட்ட நகர்வுகளில் வாஷிங்டனின் பந்தெறியும் வீரர் மைக்கேல் பெனிக்ஸ், சக வீரர் ரோம் ஒடூன்சேயிடம் பந்தைச் சேர்த்து வாஷிங்டனை முன்னே கொண்டுபோய்விட்டார். 36-33. துணிச்சலை நான் குறை சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் பதற்றமே இல்லாமல் நின்றவரைத்தான் அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எதிர்ப்பக்கத்து மனிதர் கேலன் டிபோர்தானே? அவர் பெயரை இந்த வாரம்தான் கேள்விப்படுகிறேன். யார் அவர்?

நான் பல மாதங்களாகச் சொல்லிவருகிற பெயர் அதுதான். தெற்கு டகோடாக்காரர், வயது 49. தான் படித்து ஆடிய சூ ஃபால்ஸ் என்ற சிறிய கல்லூரியில் 2005 முதல் 2009 வரை தலைமைப் பயிற்சியாளர். 67 வெற்றி, 3 தோல்வி. மூன்று தேசியப் பட்டங்கள். உதவித்தொகைப் பணமும் விளம்பரமும் குறைந்த பிரிவு அது. பிறகு பத்தாண்டு வேறு கல்லூரிகளில் உதவிப் பயிற்சியாளராக உழைத்துவிட்டு, ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் தலைமைப் பயிற்சியாளராக 12 வெற்றி, 6 தோல்வி.

வாஷிங்டன் 2021-ல் 4 வெற்றி, 8 தோல்வி என்று விழுந்து கிடந்தது. அவர் வந்த முதல் ஆண்டே 11-2. இரண்டாம் ஆண்டு 14-1, தேசிய இறுதிப் போட்டி வரை. போன திங்கட்கிழமை மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றதை மட்டும் வைத்து அவரை எடைபோடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்: தலைமைப் பயிற்சியாளராக மொத்தம் 104 வெற்றி, 12 தோல்வி. லானிங்கோடு மூன்று முறை மோதி மூன்றிலும் வென்றவர்: 37-34, 36-33, 34-31. மூன்றும் மூன்றே புள்ளி வித்தியாசம். நெருக்கடியில் கை நடுங்காத ஆள் என்பதற்கு எனக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்டீவ் சார்கிசியன்? நம் வீட்டுப் பிள்ளை, 2020 பட்டத்தில் தாக்குதல் ஆட்டத்தை வகுத்தவர்.

உண்மை. கடந்த செப்டம்பரில் டெக்சாஸ் அணியை அழைத்து வந்து டஸ்கலூசாவிலேயே நம்மை 34-24 என்று வென்றதும் அவர்தான். ஆனால் டெக்சாஸில் எல்லாம் கூடிவரும் நேரத்தில் ஏன் கிளம்ப வேண்டும்? அவரையும் டிபோர் இரண்டு முறை வென்றிருக்கிறார்.

கிளெம்சன் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி பற்றி ஒரு வரியாவது சொல்லுங்கள். 1992 பட்டம் வென்ற அலபாமா அணியில் ஆடியவர் ஐயா அவர்.

மனதுக்குப் பிடித்த பெயர்தான், மறுக்கவில்லை. கிளெம்சனுக்கு 2016, 2018 பருவங்களில் வாங்கிக் கொடுத்த இரண்டு பட்டங்களும் நம்மைத் தோற்கடித்து வாங்கியவை. ஆனால் வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவரும் வீரர்களை எடுப்பதில் அவருக்கு நாட்டமில்லை. நம் வீரர்கள் பிய்த்துக்கொண்டு போகக்கூடிய இந்த நேரத்தில் அது ஆபத்து. ஐந்து ஆண்டுக்கு முன்பு கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி என்றிருப்பேன்.

லேன் கிஃபின்? மைக் நார்வெல்?

கிஃபின் வேண்டாம். தாக்குதல் ஆட்டத்தில் மூளைக்காரர். ஆனால் 2016 பருவத்தின் இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேபனின் உதவிப் பயிற்சியாளர் வேலையிலிருந்து எப்படிப் பிரிந்தார் என்பதை நான் மறக்கவில்லை. நார்வெல் நல்லவர், திறமையானவர். 13-0 என்று இருந்த அவருடைய ஃபுளோரிடா ஸ்டேட்டை ஒதுக்கிவிட்டு நமக்குத்தான் பிளேஆஃப் (பட்டத்துக்காக நான்கு அணிகள் மோதும் சுற்று) இடம் கொடுத்தார்கள். அந்தக் காயம் ஆறாத ஊரிலிருந்து அவரையும் பறிப்பது எனக்கு உறுத்துகிறது.

டிபோர் தெற்குப் பக்கம் வேலையே பார்த்ததில்லை. இங்கே வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கத் தெரியுமா?

நியாயமான கவலை; எனக்கும் இருக்கிறது. ஜார்ஜியா பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட்டோடு ஒரே பையனுக்காக மல்லுக்கட்ட வேண்டும். தெற்கத்திய உறவுகள் உள்ள உதவிப் பயிற்சியாளர்களை அவர் முதல் வாரத்திலேயே தக்கவைக்க வேண்டும். இதில் சறுக்கினால் மற்றதெல்லாம் வீண்.

அலபாமாவின் பழைய பயிற்சியாளர் ‘பேர்’ (Bear) பிரையன்ட் போன பிறகு நடந்தது இப்போதும் நடக்குமா?

என்னைத் தூங்கவிடாத கேள்வி இது. பிரையன்ட் 25 பருவங்கள், 6 பட்டங்கள். 1982-ல் ஓய்வு பெற்றார். 1983 ஜனவரியிலேயே இறந்துபோனார். அடுத்து வந்த ரே பெர்கின்ஸ் அவரிடமே ஆடியவர், நியூயார்க் ஜயன்ட்ஸ் பதவியை விட்டுவிட்டு வந்தவர். பயிற்சித் திடலில் பிரையன்ட் ஏறி நின்று பார்க்கும் இரும்புக் கோபுரத்தை அவர் கழற்றி எடுத்தார். ஊர் அதை மன்னிக்கவில்லை. 1984-ல் 5-6 என்று முடிந்தபோது மொத்தக் கோபமும் அவர் தலையில் இறங்கியது.

அடுத்த பில் கரி வெளியாள். 1988-ல் மிசிசிபியிடம் சொந்த மைதானத்தில் தோற்றதும் அவர் அலுவலக ஜன்னல் வழியே செங்கல் பறந்தது. மறு ஆண்டு 10 ஆட்டங்களில் வென்றும் அவர் இங்கே தங்கவில்லை, கென்டக்கிக்குப் போய்விட்டார். சொந்தப் பிள்ளைக்கும் அடி, அயலாருக்கும் அடி. பிரையன்ட் போய்ப் பத்தாவது ஆண்டு, 1992-ல் ஜீன் ஸ்டாலிங்ஸ்தான் மறுபடி பட்டம் கொண்டுவந்தார்.

பெர்கின்ஸும் கரியும் தகுதி இல்லாதவர்கள் அல்லர். செங்கலை எறிந்தது நம் கூட்டத்துக் கை. யார் வந்தாலும் முதல் தோல்வியிலேயே சேபன் பெயரைச் சொல்லி அவரைக் குத்த வேண்டாம் என்று எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சியாட்டிலில் இருக்கிறேன், வாஷிங்டன் ரசிகை. எங்கள் மனிதரை விட்டுவிடுங்களேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் எழுதியிருப்பேன் அம்மா. இறுதிப் போட்டி முடிந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. அவரை அழைத்துக்கொண்டால் அலபாமா உங்கள் கல்லூரிக்கு 1.2 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்கிறார்கள். அது உங்களுக்கு ஆறுதல் ஆகாது என்று தெரியும்.

வெள்ளிக்கிழமை இரவு சேர்த்தது

டிபோர்தான். மூன்று நாள் அவகாசம் கேட்ட பர்ன் இரண்டே நாளில் முடித்துவிட்டார். புதுப் பருவம் ஆகஸ்ட் 31 அன்று வெஸ்டர்ன் கென்டக்கியோடு தொடங்குகிறது. செப்டம்பர் 28 அன்று ஜார்ஜியா டஸ்கலூசாவுக்கு வருகிறது.