அப்பாருக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு சீட்டுக்கட்டு

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். பையன் எட்டாவது படிக்கிறான். ரெண்டு வருஷமா போக்கிமான் அட்டை விளையாட்டுன்னா உசுரு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல நடக்குற போட்டிக்கு அவங்கப்பா கூட்டிட்டுப் போறாரு. நுழைவுக் கட்டணம் 300 ரூபா, ஜெயிச்சா அட்டை பாக்கெட்டுதான் பரிசு. என் மாமனாருக்கு இது சுத்தமாப் பிடிக்கலைங்க. அவரோட தம்பி சீட்டாடியே ஒரு ஏக்கர் வயலைத் தொலைச்சவரு. "காசு கட்டிச் சீட்டாடுறது சூதாட்டம் இல்லாம வேறென்ன?"ன்னு பொங்கலன்னிக்குப் பேரன் முன்னாடியே சத்தம் போட்டுட்டாரு. பையன் அழுதுட்டான். இது சூதாட்டந்தானுங்களா? நிறுத்திடட்டுமா?
- ஒரு அம்மா, கோபி

பதில்: அம்மிணி, முதலில் உங்கள் மாமனாருக்காக ஒரு வார்த்தை. வாய்க்கால் பாய்கிற ஒரு ஏக்கர் கண்ணெதிரே கைமாறிப் போனதைப் பார்த்தவர், 'சீட்டு' என்று காதில் விழுந்தாலே பதறத்தான் செய்வார். நாமும் அந்த ஒரே சொல்லை எத்தனைக்கு வைத்திருக்கிறோம்! ஏலச்சீட்டு, லாட்டரிச் சீட்டு, மூணு சீட்டு, டாக்டர் எழுதித் தருகிற மருந்துச் சீட்டு. பேரன் கையில் இருப்பது எந்தச் சீட்டு என்று யாராவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னீர்களா?

போக்கிமானில் ஆளுக்கு 60 அட்டை. அந்த அட்டைக்கட்டை ஆடுகிறவனே தேர்ந்து அடுக்கிக்கொண்டு வருகிறான். ஆட்டத்துக்குச் சக்தி தருகிற அடிப்படை எனர்ஜி அட்டை தவிர, ஒரே பெயரில் நான்குக்கு மேல் வைக்கக் கூடாது. கலைத்துப் போட்டு முதலில் ஏழு எடுக்க வேண்டும். கலைக்கிற இடத்தில் அதிர்ஷ்டம் நுழைகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். வேண்டிய அட்டை கட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் முதல் ஏழில் அது வர நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்பு. நான்கு வைத்தால் நாற்பது. கூடுதலாக வைக்கிற அந்த மூன்றுக்கு இடம் கொடுக்க வேறு எந்த மூன்றைக் கழற்றுவது? ஆட்டத்தில் பாதி இந்தத் தலைவலிதான். அது சனிக்கிழமை ராத்திரியே உங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்து முடிந்துவிடுகிறது.

ஜேசன் க்ளச்சின்ஸ்கி என்று ஓர் அமெரிக்கர். இதே விளையாட்டின் உலகப் போட்டியில் பெரியவர்கள் பிரிவில் 2006, 2008, 2013 என மூன்று முறை ஜெயித்தவர். லாட்டரியில் ஒரே ஆளுக்கு மூன்று தரம் முதல் பரிசு விழுந்தால் நாம் போலீசுக்குத்தான் போவோம்.

சட்டமும் இந்த வழியாகத்தான் யோசிக்கிறது. தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம், திறமையால் ஆடுகிற ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், எந்த அட்டை விழுந்தது என்று நினைவில் வைத்து ஆட வேண்டியது என்றும், மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றும் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. 1967-இல் வந்த தீர்ப்பு அது. அந்தக் கோலால் அளந்தால் உங்கள் பையன் நிற்பது ரம்மி பக்கம்.

இதைப் போய் மாமனாரிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள். அவர் தம்பி ஆடியதே ரம்மியாக இருந்திருக்கலாம்! திறமை ஆட்டத்திலும் வயல் போகும். தோற்கத் தோற்கப் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போக முடிகிறது பாருங்கள், வயலைத் தின்றது அதுதான். பையன் போகிற போட்டியில் அந்த வழி அடைத்திருக்கிறது. 300 கட்டியாகிவிட்டது, நடு ஆட்டத்தில் ஐந்நூறாக்க முடியாது. இத்தகைய போட்டிகளில் பெரும்பாலும் ஒரு சுற்றில் தோற்றாலும் வெளியே அனுப்புவதில்லை. அடுத்த சுற்றில் தன்னைப் போலவே தோற்ற ஒருவனோடு ஆடலாம். நம் ஊர்த் திருவிழாக் கபடிக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு, ரொக்கப் பரிசும் உண்டு. அதை யாரும் சூது என்பதில்லை.

அவருக்கு விளங்கும்படி சொல்ல இன்னொன்று இருக்கிறது. அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலுக்குச் சேவக்கட்டு நடக்குமே, தோற்ற சேவல் ஜெயித்தவருக்குப் போய்விடும், கோச்சைக் கறி என்று வீட்டில் குழம்பு கொதிக்கும். இந்த அட்டை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது 1993-இல் வந்த மேஜிக். அதிலும் தொடக்கத்தில் கோச்சை இருந்தது! ஆளுக்கொரு அட்டையைக் கட்டிலிருந்து பந்தயமாக எடுத்து வைப்பார்கள், ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். பிறகு அந்த விதி வழக்கொழிந்தது; அதற்கென்றே அச்சடித்த அட்டைகளுக்குப் போட்டிகளில் தடை. பையன் பள்ளிக்கூடத்தில் 'தோத்தா உன் அட்டை எனக்கு' என்று ஆடுகிறானா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஆடினால் அங்கே அப்பாரு சொல்வது சரி, நிறுத்திவிடலாம்.

போட்டிக்கு இவ்வளவு போதும். நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. பாக்கெட்டுக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது?

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்குவதுதான் பாக்கெட். பத்து அட்டையில் ஒன்பது ஏற்கெனவே வீட்டில் கிடக்கும். அபூர்வமான ஒன்று வந்தால் ஆயிரக்கணக்கில் விலை போகும். காசு வைக்கிறோம், எது வரும் என்பது நம் கையில் இல்லை, வந்தால் காசாக்கலாம். எங்கள் அய்யன் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் லாட்டரி வாங்குவார். மறுநாள் பேப்பரைப் பிரித்துவிட்டு, "ஒரே ஒரு நம்பர்ல போச்சு கண்ணு" என்பார். 2003-இல் அரசு தடை போடும்வரை, எத்தனையோ வருஷம், அந்த ஒரே ஒரு நம்பர்தான் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. என் தங்கை பேரன் பாக்கெட்டைக் கிழிக்கும்போது முகத்தைப் பார்த்தேன். அதே முகம்.

அமெரிக்காவில் அட்டை வாங்கியவர்கள் இதற்காக வழக்கே போட்டார்கள். பாக்கெட்டுக்குக் காசு கொடுத்தீர்கள், பாக்கெட் கிடைத்தது, நினைத்த அட்டை வராத ஏமாற்றம் சொத்து இழப்பாகாது என்று 2002-இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. சட்டத்துக்கு அது சரியாக இருக்கலாம். வீட்டுச் செலவு நோட்டு எழுதுகிற நமக்கு அது போதாது.

அதனால் பையனிடம் சொல்லுங்கள்: கட்டுக்கு எந்த அட்டை வேண்டுமோ அதை மட்டும் தனியாக விலை கேட்டு வாங்கட்டும். நன்றாக ஆடுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள், செலவும் குறையும். பாக்கெட் என்பது பிறந்தநாளுக்கும் போட்டிப் பரிசுக்கும் மட்டும். கடைவீதியில் தொங்குகிற தங்கத் தகடு போன்ற அட்டைகள் போலி, போட்டியில் செல்லாது.

போனில் ஆடுகிறானா என்றும் பாருங்கள். போக்கிமானின் போன் விளையாட்டு ஒன்று தினம் இரண்டு பாக்கெட்டை இலவசமாகத் திறக்க விடுகிறது; அதற்கு மேல் ஆசைப்பட்டால் காசு கட்டவும் வழி வைத்திருக்கிறது. அதில் உங்கள் கார்டு எண்ணைப் பதிந்து வைக்க வேண்டாம். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டம் என்றால் பேச்சே இல்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, இரண்டையும் 2025-இல் வந்த மத்திய அரசின் சட்டம் தடுத்துவிட்டது.

மாமனாருக்கு வருகிறேன். மஞ்சளை இருப்பு வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருந்த மனுஷனாக இருந்தால், எதை வைத்திருப்பது, எதை விடுவது என்பது அவருக்குப் புதிதல்ல. சத்தம் போட்டது பேரன் மேல் இருந்த கோபத்தில் இல்லை, தம்பி நினைப்பில். அதைப் பையனுக்கும் சொல்லுங்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு அந்த வயல் கதை தெரியலாம்.

அடுத்த ஞாயிறு மூன்று பேருமாக கோவைக்கு பஸ் ஏறட்டும். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் பேரன் அப்பாரை உட்கார வைத்து ஓர் ஆட்டம் சொல்லிக்கொடுக்கட்டும். அட்டையில் தமிழ் இருக்காது, படித்துச் சொல்லட்டும். பாவம் பார்த்து அவரை ஜெயிக்க விட வேண்டாம் என்று மட்டும் பையனிடம் சொல்லிவையுங்கள். கண்டுபிடித்துவிடுவார்.