எஸ்எஸ்ஹெச் இருக்கும்போது சர்வருக்குத் தனி ரிமோட் கன்சோல் எதற்கு?

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலமாகவே எல்லா வேலையும் நடக்கிறதே, அப்புறம் சர்வரின் திரையையும் கீபோர்டையும் தொலைவிலிருந்தே கையாளத் தனியாக ஒரு கன்சோல் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் எஸ்எஸ்ஹெச் மட்டும் போதாது.

நான் குன்னூரில் இருக்கிறேன். பார்த்துக்கொள்ளும் சர்வர் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருக்கிறது. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடைக் கணக்கு முழுவதும் அதில்தான். ஒரு நவம்பர் இரவு வீட்டிலிருந்தே ஃபயர்வால் விதிகளை மாற்றினேன். எஸ்எஸ்ஹெச் பயன்படுத்தும் 22-ஆம் போர்ட்டைத் திறக்கும் வரியைச் சேர்ப்பதற்கு முன்பே, உள்ளே வரும் எல்லாவற்றையும் தடுக்கும் வரியைப் போட்டுவிட்டேன். திரை அப்படியே நின்றுவிட்டது. வெளியே அடைமழை, ரோட்டில் மரம் சாய்ந்து கிடந்தது.

நைட் ஷிப்டில் இருந்த கணக்கர் அண்ணனுக்குப் போன் போட்டேன். பழைய மானிட்டரையும் கீபோர்டையும் கொண்டுவந்து சர்வரில் மாட்டினார். ரூட் பாஸ்வேர்டை உறையில் போட்டு பீரோவில் வைத்திருந்தது அன்று கைகொடுத்தது. கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். பின்னால் ரோலர் சத்தம். "தம்பி, பியா டியா? பெரிய எழுத்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அடித்து முடித்தார்.

எஸ்எஸ்ஹெச், சர்வரின் இயங்குதளமான லினக்ஸுக்குள் ஓடுவது. லினக்ஸோ அதன் நெட்வொர்க் அமைப்போ படுத்தால் அதுவும் படுத்துவிடும். ரிமோட் கன்சோலைத் தரும், சர்வர் மதர்போர்டில் உள்ள பிஎம்சி அப்படியல்ல. அது தனிச் சிப். சர்வரை அணைத்திருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் விழித்திருக்கும். பூட் ஆவதையும் பயாஸையும் (லினக்ஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அதை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். பிஎம்சியோடு பேசும் நெறிமுறையான, 2004-இல் வந்த ஐபிஎம்ஐ 2.0-இல், யூசர் பெயர் சரியாக இருந்தாலே போதும், உள்நுழையும் முன்பே பாஸ்வேர்டின் ஹாஷை (பாஸ்வேர்டை ஊகித்துக் கண்டுபிடிக்க உதவும் குறியீடு) கொடுத்துவிடும். விபிஎன் என்ற பாதுகாப்பான தனிப்பாதைக்குப் பின்னால் வையுங்கள். ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். எங்கள் பக்கம் மழை வந்தால் முதலில் போவது கரண்ட்தான்.

இப்போதெல்லாம் ஃபயர்வாலைத் தொடும் முன், 10 நிமிடத்தில் பழைய விதிகளை மீண்டும் ஏற்றும்படி குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் அட் கட்டளையில் போட்டுவைக்கிறேன். புதிதாக லாகின் ஆக முடிந்தால் அதை ரத்து செய்துவிடுவேன்.

இன்னொன்று. பிஎம்சியில் நான் பார்ப்பதும் அங்கே மானிட்டரில் தெரிவதும் ஒரே திரை, கீபோர்டு மட்டும் இரண்டு. இருவரும் சேர்ந்து தட்டினால் எழுத்துகள் கலந்துவிடும். அதனால் "நான் எடுக்கிறேன் அண்ணா" என்று போனில் சொல்லி, அவர் "சரி, கையை எடுத்துட்டேன்" என்ற பிறகுதான் தட்டுகிறேன்.