விலை குறைந்த பாலிமர் பிஸ்டல்: எங்கே மிச்சம், எங்கே நஷ்டம்?

கே: பிளாஸ்டிக் ஃபிரேம் என்றாலே மட்டமான சரக்குதானே?

ப: 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17-ம் பாலிமர்தான். சுடும்போது அழுத்தத்தைத் தாங்குபவை பேரலும் (குழல்), அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும். பெரும்பாலான மலிவு மாடல்களிலும் இரண்டும் எஃகு.

கே: பிறகு பாதி விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

ப: சில்லறைச் சாமான்களில். எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை பேரலின் பின்முனை அறையிலிருந்து இழுக்கும் கொக்கி), சியர் (டிரிகரை இழுக்கும்வரை சுடும் ஊசியைப் பிடித்து வைப்பது) போன்றவற்றை உலோகத் தூளை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்வார்கள். பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன, முறையில் குற்றமில்லை. சூட்டுப் பதம் தப்பினால் உள்ளே நுண்துளை விழும். அப்போது எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் முனை உடையும், காலிக் கூடு அறையிலேயே நிற்கும், அடுத்த ரவுண்டு (தோட்டா) அதன் முதுகில் முட்டும். ஆய்வும் குறைவு: ஒரே மாடலில் ஒன்று தங்கம், ஒன்று தகரம்.

கே: குறி தப்புமா?

ப: ஏழு மீட்டரில் வித்தியாசம் தெரியாது. டிரிகரில்தான் தெரியும், அதுவும் எப்போதும் விலைப்படி அல்ல. துருக்கியின் கானிக் டிபி9 டிரிகரை கிளாக்கைவிட விரும்புகிறவர்கள் ஏராளம். கிளாக்கோடு வரும் சாதாரண சைட்டும் (குறி பார்க்கும் முனை) பிளாஸ்டிக்தானே!

கே: புதிது, ஆனால் அடிக்கடி சிக்குகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

ப: அவசரப்படாதீர்கள். உள்ளே பூசி வரும் பாதுகாப்பு கிரீஸைத் துடைத்துவிட்டு, ஸ்லைடு ஓடும் தடங்களில் ஒவ்வொரு துளி எண்ணெய் விடுங்கள். தோட்டா அடைக்கும் மேகசின்களுக்கு எண் போடுங்கள். ஒரே எண்ணில் மட்டும் சிக்கினால் அதன் உதடு (தோட்டாவைப் பிடிக்கும் மேல் விளிம்பு) வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். எல்லாவற்றிலும் சிக்கினால் பித்தளைக் கூடுள்ள 124 கிரெய்ன் (பாயும் குண்டின் எடை) ரவுண்டுக்கு மாறிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையா? அனுபவசாலி ஒருவரைச் சுடச் சொல்லுங்கள். மணிக்கட்டு தளர்ந்தால் எடை குறைந்த ஃபிரேமும் ஸ்லைடோடு பின்னே போகும். ஸ்லைடு முழுத் தூரம் வராது. அவர் கையிலும் சிக்கி, 200 ரவுண்டு தாண்டியும் தீரவில்லை என்றால் வாரண்டிக்கு அனுப்புங்கள்.

கே: கூடுதல் காசு கொடுத்தால் நிம்மதிதானே?

ப: சிக் சாவர் பி320 மலிவானதல்ல. குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் தானே சுட்டுவிடுகிறது என்று சோதனைகளில் தெரிந்த பிறகு, 2017-ல் அந்தக் கம்பெனி டிரிகர் பாகங்களை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. எதை வாங்கினாலும், இப்படி மாற்ற வேண்டியதா என்று சீரியல் எண்ணைச் சொல்லிக் கம்பெனியிடம் சரிபாருங்கள்.

கே: பழையது வாங்கும்போது?

ப: காலியா என்று இருமுறை பார்த்துவிட்டு எக்ஸ்ட்ராக்டர் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள். உதிரிபாகம் தனியாகக் கிடைக்காத மாடல் என்றால் விட்டுவிடலாம்.