நேற்றைய தடம் இருக்கும் மண்

வணக்கம் சார்,

ஊர் காவேரிப்பட்டினம். கிருஷ்ணகிரியில் டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். மோட்டோகிராஸ், அதாவது மண் மேடு பள்ளங்களில் ஓட்டும் பைக் ரேஸ் கேம்கள் பற்றி எங்கள் செட்டில் தினமும் சண்டை. நிஜமாக இருந்தால் கஷ்டம், ஜாலி இருக்காது என்கிறார்கள் நண்பர்கள். ஜாலியாக இருந்தால் அது வெறும் பொம்மை என்பது என் கட்சி. யார் சொல்வது சரி? இன்னொன்று, கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் காசு சேர்க்கிறேன். அது வந்தால் எல்லாம் நிஜம் போல ஆகிவிடுமா?

க.

அன்புள்ள க.,

இரண்டு கட்சியிலும் நான் இல்லை. ஏன் விழுந்தோம் என்று விழுந்தவனுக்குப் புரிந்தால் அந்த கேம் ஜாலியாக இருக்கும். புரிய வேண்டுமென்றால் மண்ணும் எடையும் உண்மையாக நடந்துகொள்ள வேண்டும். அதனால் நீங்கள் இரண்டு பேரும் கேட்பது ஒன்றைத்தான்.

1984இல் நிண்டெண்டோ வெளியிட்ட எக்ஸைட்பைக் என்ற பைக் ரேஸ் கேமைப் பாருங்கள். பக்கவாட்டில் ஓடும் படம், கட்டை கட்டையான உருவங்கள். ஆனால் மேட்டிலிருந்து பறந்து இறங்கும்போது இரண்டு சக்கரமும் சரிவோடு ஒட்டி இறங்கினால்தான் வேகம் குறையாமல் இருக்கும். முன்சக்கரம் குத்தினால் உருண்டு விழ வேண்டியதுதான். டர்போவையே அழுத்திக்கொண்டிருந்தால் இன்ஜின் சூடாகி நின்றுவிடும். நிஜ மோட்டோகிராஸின் உயிர் அந்தச் சின்னப் படத்துக்குள் அப்போதே வந்துவிட்டது.

நீங்கள் மெக்கானிக்கல் படிப்பவர் என்பதால் இதைச் சொல்கிறேன். வண்டி காற்றில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் வேகமெடுக்கும், அதற்கு எதிர்ப்பக்கமாக வண்டி திரும்பி மூக்கு மேலே வரும். பின்பிரேக்கைத் தொட்டால் சக்கரத்தின் சுழற்சி வண்டிக்கு வந்து மூக்கு கீழே இறங்கும். கோண உந்தம் பாடம்தான். நிஜ வீரர்கள் ஒவ்வொரு தாவலிலும் இப்படித்தான் வண்டியைத் திருத்துகிறார்கள். இது வேலை செய்யாத கேமில் தாவல் என்பது வெறும் வேடிக்கை. வேலை செய்கிற கேமில், காற்றில் இருக்கும் அந்த ஒரு நொடியிலும் கைக்கு வேலை உண்டு.

அடுத்தது மண். இதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம். பென்னாகரம் பக்கம் மழைக்குப் பிறகு ஏரிக்கரை வழியாக வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? டிராக்டர் போன செம்மண் காய்ந்து, சக்கரத்தடம் கல்லாகி நிற்கும். அதற்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டால் ஹேண்டிலைத் திருப்பக் கூடாது, திருப்பினால் கீழேதான். பார்வையைத் தூரத்தில் வைத்து, ஆக்ஸிலேட்டரை விடாமல், தடத்தோடேயே போய் வெளியே வர வேண்டும். இரண்டு முறை முழங்கையைத் தேய்த்துக்கொண்ட பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. 2009இல் வந்த எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி ரிஃப்ளெக்ஸ் என்ற கேமில் சக்கரம் போன இடமெல்லாம் மண் பள்ளமாகும், அடுத்த சுற்றில் அதே பள்ளம் உங்களை இழுக்கும். கண்ட்ரோலரில் ஓட்டுபவரின் உடம்புக்குத் தனி ஸ்டிக், வண்டிக்குத் தனி ஸ்டிக். வளைவில் உடம்பைச் சாய்க்க மறந்தால் ஏரிக்கரையில் நடந்ததேதான் நடக்கும். அதை விளையாடியபோது என் முழங்கை ஞாபகம் வந்தது.

உங்கள் நண்பர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. விழுந்த பிறகு காத்திருக்க வைத்தால் யாருக்கும் வெறுப்பு வரும். ரெட்லிங்க்ஸ் நிறுவனத்தின் டிரையல்ஸ் பைக் விளையாட்டுகள் இதை அழகாகச் செய்தன. விழுவது எளிது, ஆனால் ஒரு பட்டன் தட்டினால் அந்த நொடியே முந்தைய இடத்தில் நிற்கலாம். சலுகை காட்டுவதென்றால் அங்கே காட்டட்டும். மேட்டையும் மண்ணையும் மென்மையாக்க வேண்டாம்.

சத்தத்தையும் கவனியுங்கள். ஆர்எக்ஸ் 100 தெருமுனையில் திரும்பும்போதே எந்த கியரில் வருகிறது என்று நம் ஊர்ப் பையன்கள் சொல்லிவிடுவார்கள். கேமிலும் மீட்டரைப் பார்க்காமல் காதால் ஓட்ட முடிய வேண்டும்.

சரி, கிராஃபிக்ஸ் கார்டு. அது தூசியை அழகாகக் காட்டும், அவ்வளவுதான். நீங்கள் கீபோர்டில் விளையாடுகிறீர்கள் என்றால், ஆக்ஸிலேட்டர் ஒன்று முழுசாக இருக்கும், இல்லையென்றால் பூஜ்யம். கால்வாசி முறுக்கு, அரை முறுக்கு என்பதே உங்களுக்குக் கிடையாது. அனலாக் டிரிகர், அதாவது அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேலை செய்யும் பட்டன் உள்ள கண்ட்ரோலர் ஒன்றை முதலில் வாங்குங்கள். கார்டுக்குச் சேர்த்த காசில் ஒரு பகுதியே போதும்.